ஹார்லெக் கோட்டைக்குக் கீழே ஓடும் ரயில்: அந்தப் பாதையும் கோட்டையோடு சேர்ந்ததுதானே?

கரையோரன்

வேல்ஸின் ஹார்லெக் கோட்டையைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கீழே இருக்கிற தண்டவாளத்தை வெட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள். பாறை, மதில், நான்கு மூலைக் கோபுரம், பின்னால் ஸ்னோடன் மலை, அவ்வளவுதான். ரயில் வந்தால் படம் கெட்டுவிடும் என்று ஒரு நினைப்பு. எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இடத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் வடக்கு வேல்ஸைப் பிடித்த கையோடு 1283இல் கட்டத் தொடங்கி 1289இல் முடித்த கோட்டை இது. கட்டடப் பொறுப்பு செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ் என்கிற தலைமைக் கொத்தரிடம். செலவு 8,190 பவுண்டு என்று கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய 60 மீட்டர் உயரப் பாறை, மேற்கே நேர்ச்சரிவு. அந்தச் சரிவின் அடிவாரத்தில் இன்று இருப்பது ஹார்லெக் ரயில் நிலையம். 1867 அக்டோபரில் திறந்த கேம்பிரியன் கரைப் பாதை கோட்டைக்கு நேர் கீழே போகிறது. நடைமேடையில் நின்று தலையை அண்ணாந்தால் மதில்தான் தெரியும்.

எட்வர்ட் அந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்ததே கீழே தண்ணீர் இருந்ததால்தான். கப்பலில் வரும் சாமானை அடிவாரத்தில் இறக்கி, பாறையை ஒட்டிக் கட்டிய 108 படிகள் வழியாக மேலே கொண்டுபோனார்கள். 1294இல் மாடாக் ஆப் லவெலின் தலைமையில் வேல்ஸ்காரர்கள் கிளம்பி உள்நாட்டு வழிகளையெல்லாம் அடைத்தபோது, அயர்லாந்திலிருந்து கடல் வழியாக வந்த உணவுதான் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. அந்தக் கடல் இன்று இல்லை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தண்ணீர் விட்டுப்போன அந்த விளிம்பில்தான் தண்டவாளம் கிடக்கிறது. வெளியிலிருந்து ஹார்லெக்குக்கு ஆளையும் பொருளையும் கொண்டுவரும் வேலையைக் கப்பலிடமிருந்து ரயில் அதே இடத்தில் வாங்கிக்கொண்டது. எனக்கு அந்தப் பாதை கோட்டைக்குப் பக்கத்தில் போகிற ஏதோ ஒரு ரயில்பாதை இல்லை, கோட்டையின் கடல்வழியே அதுதான்.

ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் ‘இந்தப் பாதைக்கு இவ்வளவு பணம் போட வேண்டுமா’ என்ற பேச்சு கிளம்புகிறது. கோட்டைக்குப் பணம் கேட்டால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மதில்மேல்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1986இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது எட்வர்டின் நான்கு கோட்டைகள், ஹார்லெக், போமாரிஸ், கார்னர்வன், கான்வி, அவற்றோடு இரண்டு ஊர்மதில்கள். ரயில்பாதை அதில் இல்லை. ஆறு நூற்றாண்டு கழித்து வந்த ஒன்றை ‘கோட்டையோடு சேர்ந்தது’ என்று சொன்னால், அடிவாரத்தில் இருக்கிற கார் நிறுத்துமிடத்தையும் அப்படியே சொல்லலாம். பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு இருக்கிற மதிப்போடு அது இருக்கட்டும். ஆனால் மேலே நின்று பார்க்கும்போது எட்வர்டின் காலத்துக் காட்சியைக் கண்ணுக்குள் கொண்டுவரக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, கீழே தண்டவாளம், ரயில்வே கேட், வீடுகள், பள்ளிக்கூடம்.

இன்னொன்று, அடிவாரத்தை ஒட்டியே ஏன் போட்டார்கள்? அப்பால் அவ்வளவு சமவெளி கிடக்கிறதே. மேற்கே ஓர் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை.

புதுவரவு

கடல் உண்மையிலேயே அடிவாரம் வரை வந்ததா? இப்போது படத்தில் பார்த்தால் புல்வெளி, கோல்ஃப் மைதானம், அப்புறம் மணல்மேடு. நம்ப முடியவில்லை.

ஏட்டுச்சுவடி

புதுவரவு, வந்தது. திறந்த கடல் அலையடித்ததா, இல்லை ஓதம் ஏறும்போது கப்பல் உள்ளே வரக்கூடிய ஒரு கழியா என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு. கழி என்று சொல்கிறவர்கள் பக்கம் நான் சாய்வேன். எப்படியிருந்தாலும் சரக்கு இறங்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது, அதற்குக் கட்டடமே சாட்சி. தண்ணீர் வராத இடத்தில் நீர்வாசல் கட்டி, அங்கிருந்து மேலே வரை படிக்கு மதில் எழுப்பிக் காவல் போட எந்த மன்னனும் பணம் செலவழிக்க மாட்டான்.

அந்தப் படிவழியின் பயனை எட்வர்டின் ஆட்கள் மட்டும் அனுபவிக்கவில்லை. 1404இல், ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளிண்டூர் இந்தக் கோட்டையைப் பிடித்தார். தன் குடும்பத்தை இங்கேயே குடிவைத்தார், 1405இல் தன் நாடாளுமன்றத்தை ஹார்லெக்கில் கூட்டினார். ஆங்கிலேயன் வேல்ஸை அடக்கக் கட்டிய கோட்டை கொஞ்ச காலம் வேல்ஸின் தலைநகரம் மாதிரி இருந்தது. 1409இல் பட்டினி போட்டு மீட்டார்கள். அப்புறம் ரோஜாப் போர்கள், அதாவது இங்கிலாந்து அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் என்ற இரு அரச குடும்பங்கள் மோதியவை, அவற்றில் 1461 முதல் 1468 வரை லங்காஸ்டர் தரப்பு உள்ளே இருந்து தாக்குப்பிடித்தது. பிரிட்டன் வரலாற்றிலேயே நீண்ட முற்றுகை அது என்பார்கள். ஏழு வருஷம் ஒரு கோட்டை தாங்கியது என்றால் மதிலின் பலம் மட்டும் காரணமாக இருக்க முடியாது, எங்கிருந்தோ சோறு வந்திருக்க வேண்டும்.

கடைசியாக மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர். 1647 மார்ச்சில் ஹார்லெக் சரணடைந்தபோது மன்னர் தரப்பில் மிச்சமிருந்த கடைசிக் கோட்டை இதுதான். இடித்துத் தள்ள உத்தரவு போனது, ஆனால் முழுதாகச் செய்யவில்லை. அதனால்தான் இன்று நாம் பார்க்க முடிகிறது.

பாலம்கட்டி

மதில்மேல், உங்கள் ‘அரைக் கிலோமீட்டர்’ கேள்விக்கு என் தொழில் வழியில் பதில் சொல்கிறேன், நான் சிவில் பொறியாளன்.

நீங்கள் சமவெளி என்று சொல்வது மொர்வா ஹார்லெக், அதாவது மணல்மேட்டுக்கும் பழைய கடற்பாறைக்கும் நடுவில் சேறு படிந்து உண்டான சதுப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். அந்த மாதிரி மண்ணின் நடுவில் தண்டவாளம் போட்டால் மேடு கட்டக் கட்ட உள்ளே போகும். பாறைச்சரிவின் கால்மாட்டில் போட்டால் ஒரு பக்கம் உறுதியான தரை கிடைக்கும். இன்னொரு பக்கம் ஊர், மலைமேல் இருக்கிற ஹார்லெக்காரன் ரயிலுக்காகச் சேற்றில் நடந்து போகவேண்டியதில்லை. பாறைக்கு மேலே போடலாமா என்றால் ஏற்றம் ஒத்துவராது. ஆகப் பாதைக்கு இருந்தது அந்த ஒற்றை வரிதான்: பழைய கடற்கரைக் கோடு. இந்தப் பாதை பல இடங்களில் அந்தக் கடற்கரைக் கோட்டின் வழியாகவே போகிறது. கப்பலும் ரயிலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது அதனால்தான்.

அப்புறம் இன்னொரு கோட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கான்வியில் 1848இல் ராபர்ட் ஸ்டீபன்சன் ரயில் கொண்டுவந்தபோது கோட்டையின் மதிலை உரசிக்கொண்டு குழாய்ப் பாலம் கட்டினார்கள், ஊர்மதிலைத் துளைத்து வளைவு வைத்தார்கள், பாலத்தின் வாயில்களைக் கோட்டைக் கோபுரம் மாதிரியே கட்டி ஒப்பேற்றினார்கள். அதெல்லாம் அங்கே இருக்கும்போதுதான் யுனெஸ்கோ கான்வியை ஏற்றுக்கொண்டது. ஹார்லெக்கில் பாறையைக் குடையவில்லை, மதிலைத் தொடவில்லை, சுரங்கமும் இல்லை. இரண்டு பெட்டி டீசல் ரயில், நிலையத்தில் நிற்க வருவதால் மெதுவாகத்தான் போகும், மேலே இருப்பதோ வேல்ஸின் மிகப் பழைய பாறைகளில் ஒன்றான கடினமான கேம்பிரியன் மணற்கல். அதிர்வால் கோட்டைக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மதில்மேல்

அதிர்வைப் பற்றி நான் சொல்லவே இல்லையே பாலம்கட்டி அண்ணா. ஆனால் சதுப்பு விளக்கம் நன்று, அது எனக்குப் புரிகிறது. கான்வியை இழுத்தது சரியில்லை, அங்கே நடந்தது கோட்டைக்குச் செய்த அநியாயம். இங்கே அதைவிடப் பரவாயில்லை என்பது பாராட்டு ஆகாது.

வரவுசெலவு

உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பணத்தைப் பேசுவோம். இதே பாதையில் ஹார்லெக்குக்குத் தெற்கே இருக்கிற பார்மவுத் ரயில் பாலத்தைப் புதுப்பிக்க 2020 முதல் 2023 வரை ஆன செலவு 30 மில்லியன் பவுண்டு. ஒற்றைத் தடம், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில், ஞாயிற்றுக்கிழமை அதிலும் குறைவு. பல நிலையங்களில் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். இவ்வளவு பணத்தைப் பேருந்துக்கும் சாலைக்கும் போட்டிருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிட அடிக்கடி வண்டி கிடைத்திருக்கும். ஹார்லெக்குக்கு சாலை இல்லையா என்ன? கோட்டையின் கடல்வழி என்று அழகாகச் சொல்லலாம், ஆனால் வழி என்பது போய்வருவதற்குத்தானே. எது மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அதுதான் வழி.

நெய்தல்

வரவுசெலவு, நீங்கள் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். பார்மவுத்துக்கும் எதிர்க்கரையில் இருக்கும் ஃபேர்போர்னுக்கும் நடுவில் மௌதாக் கழிமுகம். ரயில் பாலத்தின் மேல் சில நிமிடத்தில் கடந்துவிடும். காரில் போனால் டோல்கெத்லாய் பக்கம் வரை உள்ளே போய் ஆற்றைக் கடந்து மறுபடி கடலுக்குத் திரும்ப வேண்டும். அங்கே பேருந்து விட்டால் இந்தச் சுற்று முழுவதையும் அதுவும்தான் சுற்றும். வடக்கே டிவைரித் கழிமுகமும் அப்படித்தான். அங்கே பான்ட் பிரிவெட் மரப்பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது 2013 இறுதியிலிருந்து 2014 செப்டம்பர் வரை ஹார்லெக்குக்கு வடக்கே ரயில் இல்லை, சாலையும் அதே இடத்தில் அடைபட்டது. அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள், பத்து நிமிட தூரத்துக்கு எவ்வளவு சுற்றினார்கள் என்று.

பிள்ளைகளையும் மறக்காதீர்கள். ஹார்லெக்கில் கோட்டைக்குக் கீழே, பாதைக்குப் பக்கத்திலேயே அந்த வட்டாரத்தின் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. சுற்றுலாக்காரர் யாரும் இல்லாத நவம்பர் காலையில் அந்த நிலையத்தில் நிறைய பேர் இறங்கினால் அது பள்ளிப் பிள்ளைகள்தான். 1960களில், நட்டத்தில் ஓடும் ரயில்பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கையின் காலத்தில் பக்கத்திலிருந்த ருவாபன்-பார்மவுத் பாதையை மூடினார்கள். இந்தப் பாதையையும் 70களின் தொடக்கம் வரை மூடுவதாக மிரட்டிக்கொண்டே இருந்தார்கள். கழிமுகங்களை வேறு எப்படிக் கடப்பது என்று அன்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் அந்தப் பதில் இல்லை.

தடம்பார்ப்பவன்

பார்மவுத் பாலம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன், அந்தப் பாலம் தனி இழைக்கே தகும். 1867இல் திறந்தது, முக்கால் கிலோமீட்டர் அளவுக்கு மரத்தூண்களின் மேல் நிற்கிறது, வடகோடியில் மட்டும் இரும்பு. அந்த இரும்புப் பகுதி ஒரு காலத்தில் கப்பலுக்கு வழிவிடத் திரும்பும். 1980இல் தண்ணீருக்கடியில் இருந்த தூண்களைக் கப்பல்புழு துளைத்துத் தின்றிருப்பதைக் கண்டுபிடித்து ரயிலை நிறுத்தினார்கள். பெயரில்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம், மரத்தைக் குடைந்து உள்ளேயே வாழும், வெளியிலிருந்து பார்த்தால் தூண் முழுசாக இருப்பது போலவே தெரியும். பழுது பார்த்தபிறகும் சில ஆண்டுகள் எடை குறைந்த டீசல் வண்டிகளை மட்டும்தான் விட்டார்கள், எஞ்சின் இழுக்கும் வண்டிக்குத் தடை. அந்த நேரத்தில் மூடியிருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. மூடவில்லை. 2020க்குப் பிறகு செய்த வேலையில் பெரும்பாலான மரத்தை மாற்றினார்கள், மரத்துக்கு மரமே வைத்தார்கள், கான்கிரீட் போட்டு முடிக்கவில்லை.

வரவுசெலவு கேட்ட 30 மில்லியன் அந்தப் பாலத்துக்குப் போனதுதான். எனக்கு அது வீண் என்று தோன்றவில்லை.

ஏட்டுச்சுவடி

இந்தப் பாதையைப் போட்டவர்களே நொடித்துப்போனவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் தாமஸ் சேவின், கடற்கரை முழுக்க விடுதி கட்டி ரயிலில் ஆள் கொண்டுவந்து பெருக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார், 1866இல் திவாலானார். டவி கழிமுகத்தின் குறுக்கே பாலம் போடத் திட்டமிட்டார்கள், முடியவில்லை, கரையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதனால்தான் இன்றும் டவி ஜங்ஷன் என்ற ஊரே இல்லாத சதுப்புக்கு நடுவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. லாபக் கணக்கு பார்த்திருந்தால் 1867இலேயே இந்தப் பாதை வந்திருக்காது.

எட்வர்டும் அப்படித்தான். கோட்டை கட்டியே கருவூலத்தைக் காலி செய்தான். ஹார்லெக்கில் 1286 கோடையில் தொள்ளாயிரத்துக்கு மேல் ஆட்கள் வேலை செய்தார்கள்.

வரவுசெலவு

நெய்தல், கழிமுகச் சுற்று பற்றி நீங்கள் சொல்வது நியாயம், பள்ளிப் பிள்ளைகள் பற்றியும். ஆனால் என் கேள்வியின் மறுபாதியை யாரும் தொடவில்லை. இது ஒருமுறை போட்டு முடிகிற பணம் இல்லை. 2014 ஜனவரிப் புயலில் பார்மவுத்துக்கு வடக்கே லானாபரில் கடல் தடுப்புச் சுவரை உடைத்துத் தடத்துக்கு அடியில் இருந்த மண்ணை அள்ளிக்கொண்டு போனது. ஹார்லெக் வரை ரயில் திரும்பி வர மே மாதமாயிற்று. கடல்மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஐம்பது ஆண்டில் எத்தனை முறை இப்படிக் கட்டுவீர்கள்?

பாலம்கட்டி

கேட்க வேண்டிய கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஹார்லெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குக் கீழே பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்மேடு தேயவில்லை, வளர்கிறது. தெற்கே மொர்வா டிஃப்ரின் கரையில் தேய்கிற மணல் நீரோட்டத்தோடு வடக்கே வந்து இங்கே படிகிறது. எட்வர்டின் கழியை மூடியதும் இந்த வேலைதான், ஏழு நூற்றாண்டாக நிற்காமல் நடக்கிறது. ஆகக் கோட்டையின் அடியில் பாதைக்கு உடனடிக் கவலை அலை இல்லை. பின்னால் இருக்கிற தாழ்நிலத்தில் மழைநீர் வடியாமல் தேங்குவதும், வடக்கே டிவைரித் பக்கத்துக் கரைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வருவதும்தான் பார்க்கவேண்டியவை.

பலவீனம் தெற்கே. ஃப்ரீயோக்கில் பாதை கடலுக்கு மேலே பாறைச்சரிவில் ஒரு திட்டு மாதிரி செதுக்கிப் போட்டது. 1883 புத்தாண்டு நாளில் மேலிருந்து மண் சரிந்து தடத்தில் விழுந்து, எஞ்சின் கீழே கடற்கரைக்குப் போனது, ஓட்டுநரும் கரியள்ளுபவரும் இறந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து 1933 மார்ச்சில் ஏறக்குறைய அதே இடத்தில் அதே மாதிரி விபத்து, மறுபடி எஞ்சினில் இருந்த இருவரும் இறந்தார்கள். இரண்டு முறையும் பெட்டிகள் கீழே விழாததால் பயணிகள் பிழைத்தார்கள். அதற்கப்புறம்தான் தடத்துக்கு மேலே கான்கிரீட் கூரை கட்டினார்கள், மண் சரிந்தால் கூரை மேல் வழிந்து கடலுக்குப் போய்விடும். இன்றும் ரயில் அதற்குள் புகுந்துதான் வரும்.

அதற்கு அடுத்தது ஃபேர்போர்ன். தாழ்ந்த நிலத்தில் இருக்கிற சிற்றூர், அதைக் காலவரையின்றிக் காப்பாற்ற முடியாது என்று கரைமேலாண்மைத் திட்டத்திலேயே எழுதினார்கள், 2054 என்று ஒரு வருஷமும் அடிபட்டது. அந்த ஊர் மக்களுக்கு வீட்டு விலை போனது, கடன் கிடைக்காமல் போனது, பத்திரிகைக்காரர்கள் வந்து வந்து போனார்கள். ரயில்பாதை அந்த ஊர் வழியாகத்தான் பார்மவுத் பாலத்துக்கு வருகிறது. ஃபேர்போர்னைக் கைவிட்டால் பாதைக்குத் தனியாகக் கரை கட்ட வேண்டும், இல்லையென்றால் பாதையும் அங்கே நின்றுவிடும். அங்கே அறுந்தால் ஹார்லெக்கின் வளரும் மணல்மேட்டால் எந்தப் பயனும் இல்லை, வண்டி வந்தால்தானே.

ஆகவே வரவுசெலவு, நீங்கள் கேட்கிற ஐம்பது ஆண்டுக் கணக்கை ஹார்லெக்கில் போட முடியாது. ஃபேர்போர்னில் கரையைக் காப்பதா இல்லையா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பாதையும் கோட்டையைப் போல மரபுச் சொத்து என்று கணக்கில் எடுத்தால் அந்த முடிவு ஒரு மாதிரி வரும், வெறும் பயணிகள் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி வரும். கரையோரன் சொல்வதற்கு நடைமுறையில் இந்த ஓர் இடத்தில் பெரிய அர்த்தம் இருக்கிறது.

தடம்பார்ப்பவன்

பாதுகாப்பு பற்றிச் சொன்னதால் ஒன்று. இந்தப் பாதையில் தடத்தோரச் சிக்னல் கம்பம் கிடையாது. 2011இல் பிரிட்டனில் முதன்முதலாக ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறையை இங்கேதான் கொண்டுவந்தார்கள், எவ்வளவு தூரம், என்ன வேகம் என்பதெல்லாம் வானொலி வழியாக ஓட்டுநர் முன்னால் இருக்கும் திரைக்கு வரும். 2017 அக்டோபரில் கணினி மறுதொடக்கம் ஆனபோது தற்காலிக வேகத்தடைத் தகவல்கள் அழிந்துபோயின, யாருக்கும் தெரியவில்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டிய ரயில்வே கேட் பக்கம் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போனது. ஓட்டுநர் ஒருவர் திரையில் தடை காட்டவில்லையே என்று கவனித்துச் சொன்னதால்தான் வெளியே வந்தது. விபத்துப் புலனாய்வுத் துறையின் அறிக்கை வெளிப்படையாகக் கிடைக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் படியுங்கள். 13ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குக் கீழே, 19ஆம் நூற்றாண்டுத் தடத்தில், நாட்டிலேயே புதிய முறையைப் பரிசோதித்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

மதில்மேல்

பாலம்கட்டி அண்ணா, ஃபேர்போர்ன் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் வாதம் வேறு: மரபு என்ற பெயரை எல்லாவற்றுக்கும் ஒட்டினால் பெயருக்கே மதிப்புப் போய்விடும். பார்மவுத் பாலம் தனியாகவே சட்டப் பாதுகாப்புள்ள கட்டடம், அது சரி, அதற்குத் தகுதி இருக்கிறது. ஆனால் ஹார்லெக் அடிவாரத்தில் இருக்கிற அந்தச் சில நூறு மீட்டர் தண்டவாளத்தில் என்ன இருக்கிறது? பழைய நிலையக் கட்டடம்கூடப் பெரிதாகச் சொல்லும்படி இல்லை.

கரையோரன்

மதில்மேல், தண்டவாளத்துக்கு மரபுப் பலகை மாட்டச் சொல்லவில்லை நான். கோட்டையை விளக்கும்போது கீழே பாதை இருக்கிற இடத்தையும் சேர்த்து விளக்க வேண்டும் என்கிறேன். இன்று போகிற ஒருவர் மேற்கு மதில்மேல் நின்று, கீழே புல்லையும் வீடுகளையும் பார்த்து, ‘இந்த இடத்தில் ஏன் கோட்டை கட்டினான்’ என்று முழிக்கிறார். கடல் எதுவரை வந்தது என்று கையால் காட்ட அங்கே கண்ணுக்குத் தெரிகிற கோடு இந்தத் தண்டவாளம்தான். எட்வர்டின் காலத்துக் காட்சியைக் கண்ணுக்குள் கொண்டுவர அது இடைஞ்சல் என்றீர்கள், எனக்கு அதுதான் அளவுகோல்.

அது மட்டும் இல்லை. படிவழியோ கழியோ இன்று வேலை செய்யாது. மலைமேல் இருக்கிற நினைவுச்சின்னங்கள் பலவற்றுக்கும் இதே கதைதான், எதற்காக அங்கே கட்டினார்களோ அந்தத் தொடர்பு அறுந்துபோய்க் கல் மட்டும் நிற்கும். ஹார்லெக்கில் அந்தத் தொடர்பு வேறு உருவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது, மனிதர்கள் அதே அடிவாரத்தில் வந்து இறங்கி அதே பாறையில் ஏறுகிறார்கள். கோட்டைக்குச் செலவு செய்கிற வேல்ஸ் அரசின் மரபுத் துறை, ஃபேர்போர்ன் பற்றி முடிவெடுக்கிற மேசையில் உட்கார வேண்டும். ரயில்காரர்களும் மாவட்ட மன்றமும் மட்டும் பேசி முடிக்கிற விஷயமாக அதை விடக்கூடாது. இதுதான் நான் கேட்பது.

வரவுசெலவு

அந்த மேசையில் உட்காருகிறவர்கள் பணத்தோடு வந்து உட்கார்ந்தால் எனக்கு மறுப்பு இல்லை. கருத்து மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களால் கரை எழும்பாது.

நெய்தல்

அது நியாயமான நிபந்தனை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

புதுவரவு

இவ்வளவையும் படித்தபிறகு போகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பர்மிங்காமிலிருந்து ரயிலில் போகலாமா? கூட வயதான அம்மா வருகிறார், மலை ஏற முடியுமா என்று தெரியவில்லை.

நெய்தல்

தாராளமாகப் போகலாம். ஷ்ரூஸ்பரி வழியாக வரும் வண்டி மாக்கின்லெத்தில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி அபரிஸ்ட்வித் போகும், இன்னொன்று பூத்லெலி போகும். ஏறும்போதே எந்தப் பெட்டி பூத்லெலிக்கு என்று கேட்டு உட்காருங்கள். மாக்கின்லெத்தைத் தாண்டியதும் இடது பக்கம் உட்கார்ந்தால் கழிமுகமும் கடலும் முழுக்க உங்கள் ஜன்னலில். ஹார்லெக் நெருங்கும்போது மட்டும் வலது பக்கம் பாருங்கள், கோட்டை அந்தப் பக்கம்.

அம்மாவை நிலையத்திலிருந்து நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். கோட்டைப் பக்கம் ஏறுகிற ஃபோர்த் பென் லெக் என்ற தெரு 2019இல் உலகிலேயே செங்குத்தான தெரு என்று கின்னஸில் ஏறியது, 2020இல் அந்தப் பட்டம் நியூசிலாந்துத் தெரு ஒன்றுக்குத் திரும்பிப் போனது. பட்டம் போனாலும் ஏற்றம் போகவில்லை. முன்கூட்டியே டாக்சி சொல்லி மேலூருக்குப் போய்விடுங்கள். மேலே போனபிறகு கவலை இல்லை, 2015இல் வாசலுக்கு நேராகப் புதுப் பாலம் கட்டினார்கள், முன்பு இருந்த மரப்படி இப்போது இல்லை, சக்கர நாற்காலியே உள்முற்றம் வரை போகும். மதில்மேல் ஏறுவது மட்டும் அம்மாவுக்கு வேண்டாம், படி குறுகல், காற்றும் பலமாக இருக்கும்.

தடம்பார்ப்பவன்

நேரம் இருந்தால் ஹார்லெக்கோடு திரும்பாமல் அடுத்த நிலையம் டைகுவின் தாண்டி டால்சர்னாவ் வரை போய், அடுத்த வண்டியில் திரும்பி வாருங்கள். வடக்கேயிருந்து வரும்போது சமவெளிக்கு அப்பால் பாறையும் கோட்டையும் தூரத்திலிருந்தே தெரிய ஆரம்பித்து நெருங்க நெருங்கப் பெரிதாகும், தெற்கிலிருந்து வரும்போது அது கிடைக்காது. இரண்டுமே கை காட்டி நிறுத்துகிற நிலையங்கள், இறங்குவதானால் முன்பே கண்டக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம், அங்கே கடை எதுவும் பக்கத்தில் இல்லை.